பறவைக்கூடு பெரணியின் பெயர்ச்சிக்கல்: அஸ்ப்ளீனியம் பேரினம் பிரிந்ததும் சேர்ந்ததும்

கேட்டது இதுதான்: பறவைக்கூடு பெரணியை ஒரு நூல் அஸ்ப்ளீனியம் நிடஸ் என்கிறது, இன்னொன்று நியோட்டாப்டெரிஸ் நிடஸ் என்கிறது, பழைய நூல் ஒன்றிலோ தாம்னாப்டெரிஸ் நிடஸ் என்று இருக்கிறது. எது சரி? எதற்காக இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

இன்றைக்கு எழுதுவதானால் அஸ்ப்ளீனியம் நிடஸ் என்று எழுதுங்கள். பெரணி ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதையே ஏற்கிறார்கள். மற்ற இரண்டும் ஒரே செடியின் பழைய பெயர்கள்தான். ஆனால் "ஏன்" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. 1753-இல் தொடங்கிய கதை அது.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வகைப்பாடு வேறு, பெயரிடல் வேறு. இந்தச் செடியை எந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் எந்தக் குழுவில், வைப்பது என்பது வகைப்பாடு. அது அறிவியல் கருத்து, ஆளுக்கு ஆள் மாறலாம். அப்படி வைத்துவிட்டால் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்பது பெயரிடல். அதற்குச் சட்டம் உண்டு. தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசும். "நியோட்டாப்டெரிஸ் ஒரு தனிப் பேரினமா?" என்று விதித்தொகுப்பிடம் கேட்டால் பதில் வராது. "தனிப் பேரினம்தான் என்று நான் கருதுகிறேன், என்ன பெயர் எழுத வேண்டும்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆகவே உங்கள் இரண்டாவது நூல் விதியை மீறவில்லை. இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்ட ஒரு வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது, அவ்வளவே.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ஸ்பீஷீஸ் பிளாண்டாரம் என்ற நூல்தான் பெரணிகளுக்கும் பெயரிடலின் தொடக்கப்புள்ளி. அதற்கு முந்தைய பெயர்கள் எவ்வளவு பழமையானவையாக இருந்தாலும் முந்தி வந்த பெயருக்கே உரிமை என்ற முன்னுரிமைக் கணக்கில் வராது. அந்த நூலில் லின்னேயஸ் பெரணிகளைப் பிரிக்கக் கையாண்ட வழி எளிமையானது. இலையின் அடிப்பக்கத்தில் வித்தகங்கள், அதாவது வித்துப் பைகள், கொத்துக்கொத்தாக இருக்குமல்லவா, சோரஸ் என்பார்கள், அவை என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று பார்த்தார். வட்டப் பொட்டாக இருந்தால் பாலிப்போடியம், நரம்பை ஒட்டி நீளக் கோடாக இருந்தால் அஸ்ப்ளீனியம். அப்படிக் கோடு போட்டவை எல்லாம் உள்ளே வந்தன. கூடு மாதிரி வளரும் நிடஸ், சுவர் இடுக்கில் முளைக்கும் ரூட்டா-முரேரியா, நாக்கு வடிவ இலை கொண்ட ஸ்கோலோபெண்ட்ரியம், இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அடுத்த செடியாகும் ரைசோபில்லம், அடிப்பக்கம் முழுக்கச் செதில் மூடிய செட்டராக் என்று ஒன்றுக்கொன்று சாயலே இல்லாதவை ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அஸ்ப்ளீனியம் என்ற சொல்லை லின்னேயஸ் புதிதாக உருவாக்கவில்லை. மண்ணீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பழைய மூலிகைப் பெயர் அது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார்: கிரீட் தீவில் ஓர் ஆற்றின் ஒரு கரையில், குனோசஸ் பக்கம் மேயும் கால்நடைகளுக்கு மண்ணீரல் இருக்கிறது, மறுகரையில், கோர்ட்டினா பக்கம் மேய்பவற்றுக்கு மண்ணீரல் தெரிவதே இல்லை, அங்கே விளையும் அஸ்ப்ளீனான் என்ற பூண்டுதான் காரணம். மருத்துவமாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் அந்தப் பூண்டு செட்டராக்தான் என்பது பொதுவான கருத்து. பின்னாளில் அஸ்ப்ளீனியத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவற்றில் அந்தச் செட்டராக்கும் ஒன்று. பெயருக்குச் சொந்தக்காரனையே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பும் வேலை சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1793-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், சோரஸின் வடிவம் மட்டும் போதாது, அதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வையும் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த தலைமுறையில் செக் தாவரவியலாளர் பிரெஸ்லும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஜான் ஸ்மித்தும் நரம்புகளின் ஓட்டத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு புதிய பண்பும் ஒரு புதிய பேரினத்தைக் கொண்டுவந்தது. மூடுசவ்வு தேய்ந்துபோய் அடிப்பக்கம் செதிலாக இருந்தது செட்டராக் ஆனது. நரம்புகள் வலைபோல் பின்னியிருந்த ரைசோபில்லத்தை 1833-இல் லிங்க் காம்ப்டோசோரஸ் ஆக்கினார். இரண்டு சோரஸ்கள் ஒன்றையொன்று பார்த்தபடி ஜோடியாகத் திறக்கும் நாக்குப் பெரணி ஃபில்லிடிஸ் ஆனது. பறவைக்கூடு பெரணியின் இலையில் பக்க நரம்புகள் எல்லாம் ஓரத்துக்குச் சற்று முன்பே ஒரு பொது நரம்பில் போய்ச் சேரும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பை ஒட்டி ஓடும் அந்தக் கோடு தெரியும். அதை வைத்து 1841-இல் ஜான் ஸ்மித் நியோட்டாப்டெரிஸை நிறுவினார். தாம்னாப்டெரிஸ், பிரெஸ்ல் அதே குழுவுக்கு இட்ட பெயர். அதே பெயர் புதைபடிவப் பெரணி ஒன்றுக்கும் சூட்டப்பட்டிருக்கிறது என்பது தனிக் குழப்பம்.

இன்னொரு பக்கம் கியூ தோட்டத்தின் இயக்குநர் வில்லியம் ஹூக்கர் இருந்தார். அவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பேக்கர் 1868-இல் முடித்த பெரணித் தொகுப்பில் அஸ்ப்ளீனியத்தை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தார்கள். இன்று வேறு குடும்பத்தில் இருக்கும் ஏதிரியம், டிப்ளேசியம் எல்லாம் அதற்குள் உட்பிரிவுகளாக இருந்தன. பழைய உலர்தாவரத் தாள்களில் டிப்ளேசியத்தின் மேல் அஸ்ப்ளீனியம் என்று எழுதியிருப்பதைக் கண்டால் எழுதியவர் அறியாமல் எழுதினார் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அதுதான் நடைமுறை.

இந்த ஏதிரியம், டிப்ளேசியம் விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பேரினத்தை உடைப்பது எப்போது நியாயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் இவையும் நரம்பை ஒட்டிய நீளச் சோரஸ் கொண்டவைதான். ஆனால் அஸ்ப்ளீனியத்தின் இலைக்காம்பைப் பிளேடால் குறுக்கே வெட்டி ஒரு கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். அடியில் நீரும் உணவும் கடத்தும் இரண்டு வாஸ்குலார் கற்றைகள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இருக்கும். மேலே போகப் போக இரண்டும் இணைந்து பெருக்கல் குறி மாதிரி ஆகிவிடும். ஏதிரியத்திலும் டிப்ளேசியத்திலும் இரண்டு கற்றைகள் உண்டு, ஆனால் அவை இணையும்போது லாட வடிவம் எடுக்கும். அடுத்து, கிழங்குத்தண்டிலிருந்து ஒரு செதிலைக் கிள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். அஸ்ப்ளீனியத்தின் செதிலில் செல்சுவர்கள் கறுத்துத் தடித்தும் நடுப்பகுதி கண்ணாடிபோல் தெளிந்தும் இருக்கும். கம்பியடித்த ஜன்னல்போலத் தெரியும். ஏதிரியத்தின் செதிலில் இந்தக் கம்பிவேலை இருக்காது. குரோமோசோம் கணக்கும் இதையே சொன்னது. ஐரீன் மேன்டன் 1950-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்குப் பிறகு பெரணிகளில் குரோமோசோம் எண்ணுவது பரவலாயிற்று: அஸ்ப்ளீனியத்தின் அடிப்படை எண் 36, ஏதிரியத்துக்கு 40, டிப்ளேசியத்துக்கு 41. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பண்புகள் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன. இந்தப் பிரிப்பு நிலைத்துவிட்டது, இனியும் நிலைக்கும்.

இதே சோதனையைக் காம்ப்டோசோரஸுக்கும் செட்டராக்குக்கும் ஃபில்லிடிஸுக்கும் நியோட்டாப்டெரிஸுக்கும் வைத்தால் என்ன ஆகிறது? செதில் அதே ஜன்னல். காம்பு அதே பெருக்கல் குறி. குரோமோசோம் அதே 36. வேறுபடுவது எதை வைத்துப் பேரினம் உருவாக்கினார்களோ அந்த ஒற்றைப் பண்பு மட்டும்.

அதைவிட வலுவான ஆதாரம் கலப்பினங்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வளரும் அஸ்ப்ளீனியங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆய்வாளர்களைத் திணறடித்தன. எந்தச் செடியைப் பார்த்தாலும் இரண்டு இனங்களுக்கு நடுவில் இருப்பதுபோல் தோன்றும். அவற்றில் எபெனாய்டஸ் என்ற செடி மிகவும் பேசப்பட்டது. இலையின் கீழ்ப்பாதி சிறகுபோல் பிரிந்திருக்கும், மேல்பாதி வால்போல் நீண்டு ஒழுங்கில்லாமல் போகும். இது அஸ்ப்ளீனியம் பிளாட்டிநியூரானுக்கும் காம்ப்டோசோரஸுக்கும் பிறந்தது என்ற சந்தேகம் முதலிலேயே இருந்தது. 1902-இல் மார்கரெட் ஸ்லாசன் இரண்டையும் வளர்த்துக் கலந்து, அதே செடியை உண்டாக்கிக் காட்டினார். 1954-இல் அமெரிக்கப் பெரணி ஆய்வாளர் வாக்னர் முழுப் படத்தையும் வரைந்தார். அந்தக் குழப்பம் அத்தனைக்கும் மூலம் மூன்றே மூன்று இனங்கள்: மொன்டானம், பிளாட்டிநியூரான், ரைசோபில்லம். மற்றவை எல்லாம் இவை ஒன்றோடொன்று கலந்ததால் வந்தவை. கலப்பினத்தில் குரோமோசோம்கள் ஜோடி சேராததால் அது மலடு. ஆனால் எப்போதாவது தொகுதி இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும். 36-இன் இரு மடங்கான 72 என்பது 144 ஆகும், செடி வித்து போடத் தொடங்கும், புதிய இனமாக நிலைத்துவிடும். பின்னடிஃபிடமும் பிராட்லியும் அப்படி நிலைத்தவை. வாக்னர் இலை வடிவத்தையும் குரோமோசோமையும் வைத்துச் சொன்னதை, 1963-இல் வேதிப்பொருள் ஆய்வும் 1985-இல் நொதி ஆய்வும் உறுதிசெய்தன.

இது பெயரிடலில் ஒரு வேடிக்கையை உண்டாக்கியது. காம்ப்டோசோரஸ் தனிப் பேரினம் என்றால் எபெனாய்டஸ் இரண்டு பேரினங்களுக்கு இடையே பிறந்தது. விதிப்படி அதற்குத் தனிக் கலப்புப் பேரினப் பெயர் வேண்டும், முன்னால் பெருக்கல் குறியும் வேண்டும். இரண்டு பெயரையும் ஒட்டி அஸ்ப்ளீனோசோரஸ் என்றார்கள். ஐரோப்பாவில் ஃபில்லிடிஸோடு கலந்தவற்றுக்கு அஸ்ப்ளீனோஃபில்லிடிஸ், செட்டராக்கோடு கலந்தவற்றுக்கு அஸ்ப்ளீனோசெட்டராக். இத்தனை ஒட்டுப்பெயர்கள் தேவைப்படும்போதே, நாம் கிழித்த கோடு செடிகளுக்குத் தெரியவில்லை என்பது உறைத்திருக்க வேண்டும். எல்லை தாண்டிக் கலப்பது மட்டுமே இரண்டும் ஒரே பேரினம் என்பதற்கு நிரூபணம் ஆகாது. தாவரங்களில், குறிப்பாக ஆர்க்கிடுகளில், பேரினம் தாண்டிய கலப்பு சகஜம். ஆனால் செதில், காம்பு, குரோமோசோம் எல்லாம் ஒத்துப்போகும் இடத்தில் கலப்பும் இவ்வளவு தாராளமாக நடந்தால், பேரினம் என்று சொல்ல என்ன மிச்சம்?

விடை முடிவாக டி.என்.ஏ-விலிருந்து கிடைத்தது. 1990-களின் இறுதியிலிருந்து பசுங்கணிகத்து மரபணுக்களை ஒப்பிட்டு அஸ்ப்ளீனியத்தின் கிளைமரத்தை வரைந்தார்கள். 2004-இல் ஷ்னைடர் குழுவினர் வெளியிட்டது இதில் முக்கியமானது. மேலே சொன்ன சிறு பேரினங்கள் எல்லாம் மரத்துக்கு வெளியே தனிக் கிளைகளாக நிற்கவில்லை. அஸ்ப்ளீனியத்தின் கிளைகளுக்குள்ளேயே, ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் செருகியிருந்தன. செட்டராக்கைத் தனியாக எடுத்துவிட்டால், மிஞ்சும் அஸ்ப்ளீனியம் ஒரே மூதாதையின் முழு வழித்தோன்றல்களாக இருக்காது. "செட்டராக் அல்லாதவை" என்ற மிச்சச்சரக்காகிவிடும். அதைத் தவிர்க்க இரண்டே வழி. அஸ்ப்ளீனியத்தையே டஜன்கணக்கான பேரினங்களாக உடைத்து நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் புதுப்பெயர் சூட்டலாம். அல்லது வெளியே போன சிலவற்றைத் திரும்ப உள்ளே அழைக்கலாம். உடைத்தால் கிடைக்கும் துண்டுகளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லவும் முடியாது என்பதால் இரண்டாவது வழியே நடந்தது. என் கருத்தும் அதுவே. லின்னேயஸ் 1753-இல் வைத்த இடத்துக்கே நிடஸும் ஸ்கோலோபெண்ட்ரியமும் ரைசோபில்லமும் செட்டராக்கும் திரும்பிவிட்டன. அவர் சரியான காரணத்தால் அங்கே வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜப்பானியத் தாவரவியலாளர் ஹயாட்டா 1927-இல் ஹைமெனஸ்ப்ளீனியம் என்ற பேரினத்தை நிறுவினார். வெகுகாலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஈரப்பாறைகளில் வளரும், சிற்றிலையின் ஒரு பாதியை வெட்டியெடுத்ததுபோல் தோன்றும் யூனிலேட்டரேல் அந்தக் குழுவைச் சேர்ந்தது. அதன் கிழங்குத்தண்டு கிடைமட்டமாக நீள ஊர்ந்து செல்லும். மற்ற அஸ்ப்ளீனியங்களில் பெரும்பாலானவை கொத்தாக ஓரிடத்தில் நிற்பவை. குரோமோசோம் அடிப்படை எண்ணும் 36 அல்ல. 39 அல்லது 38. டி.என்.ஏ மரத்தில் பார்த்தால் மற்ற எல்லா அஸ்ப்ளீனியங்களும் பிரிவதற்கு முன்பே இந்தக் குழு பிரிந்துவிட்டது. அதனால் இதை வெளியே எடுத்தால் அஸ்ப்ளீனியம் சிதறுவதில்லை, முழுசாகவே இருக்கிறது. ஆகவே 94 ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட பெரணி வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்கு இரண்டே பேரினங்கள்: அஸ்ப்ளீனியம், ஹைமெனஸ்ப்ளீனியம். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 730 இனங்கள், அதில் மிகப் பெரும்பங்கு அஸ்ப்ளீனியத்துக்கே. ஏதிரியம் முதலானவற்றையும் இழுத்துக் குடும்பத்தையே பெரிதாக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு முன்மொழிவு வந்தது. அது குடும்ப அளவிலான சண்டை. உங்கள் செடியின் பேரினப் பெயரை அது தொடவில்லை.

திரும்ப அழைத்ததில் பெயர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதலில் பால்விகுதி. லத்தீனில் காம்ப்டோசோரஸ் ஆண்பால், அதனால் ரைசோபில்லஸ் என்று இருந்தது. அஸ்ப்ளீனியம் ஆணும் பெண்ணும் அல்லாத பால், அங்கே வந்ததும் ரைசோபில்லம் ஆகிறது. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அடுத்து ஆசிரியர் பெயர். நியோட்டாப்டெரிஸ் நிடஸ் என்று எழுதினால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸின் சுருக்கம், வெளியே ஜான் ஸ்மித்தின் பெயர் வரும். முதலில் பெயரிட்டவர் உள்ளே, இடம் மாற்றியவர் வெளியே. அஸ்ப்ளீனியம் நிடஸ் என்று எழுதும்போது லின்னேயஸ் மட்டும், அடைப்புக்குறி இல்லாமல். அடைப்புக்குறியைப் பார்த்தாலே இந்தச் செடி இடம் மாறியது என்று தெரிந்துகொள்ளலாம்.

உண்மையான தலைவலி ஹவாய் தீவுகளின் டயெல்லியாவில் வந்தது. இலை ஓரத்தில் குட்டையான சோரஸ் வைக்கும் இந்தச் செடிகள் வேறு குடும்பத்துக்கே சொந்தம் என்றுகூட ஒரு காலத்தில் எண்ணினார்கள். டி.என்.ஏ இவற்றையும் அஸ்ப்ளீனியத்துக்குள் கொண்டுவந்து போட்டது. டயெல்லியா எரக்டா என்பதை அஸ்ப்ளீனியம் எரக்டம் என்று மாற்ற வேண்டியதுதானே என்றால், அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு பெரணி இருக்கிறது. ஒரே பேரினத்தில் ஒரே பெயர் இரண்டு இனத்துக்கு இருக்கக் கூடாது. ஆகவே பழைய பேரினத்தின் தலையை வெட்டி ஒட்டி டையெல்எரக்டம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஃபல்காட்டாவும் அப்படியே டையெல்ஃபல்காட்டம் ஆனது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் எங்கிருந்து வந்தது என்ற சுவடு அதில் இருக்கிறது, அந்த யோசனையை நான் ரசிக்கிறேன்.

டி.என்.ஏ எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பசுங்கணிகம் பெரணிகளில் பெரும்பாலும் தாய்வழியே வருவது. கலப்பில் பிறந்த இனத்துக்குத் தாய் யார் என்று அது சொல்லும், தகப்பனைக் காட்டாது. கலப்பும் இரட்டிப்பும் இவ்வளவு மலிந்த பேரினத்தில் அது பாதிக் கதைதான். மீதிக்கு உட்கருவின் மரபணுக்களைப் பார்த்தாக வேண்டும்.

இனி உங்கள் செடிக்கு வருவோம். அஸ்ப்ளீனியம் என்பதில் சந்தேகமில்லை. "நிடஸ்" என்பதில்தான் எனக்குத் தயக்கம். பேரின அளவில் பல பெயர்கள் ஒன்றாகச் சுருங்கின. இங்கே நேர்மாறாக, ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. ஜாவாவின் ஹாலிமுன் மலைக்காட்டில் நிடஸ் என்று அழைக்கப்பட்ட செடிகளை ஜப்பானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் மரபணு பார்த்தும் கலந்து பார்த்தும் 2001-இல் வெளியிட்டார்கள். ஒரே காட்டில், வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல், மூன்று வகைகள், ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனவே ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை நிடஸ் என்று எழுதப்பட்டவை எல்லாம் ஒரே இனம் என்று நம்புவது கடினம்.

தொட்டிச்செடியாக விற்கப்படுபவற்றில் நிடஸ் என்ற பெயரோடு ஆஸ்ட்ரலேசிகம் என்ற வேறோர் அஸ்ப்ளீனியம் வருவதும் உண்டு. இதைப் பிரித்தறிய ஆய்வகம் வேண்டாம். முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்பி, நடுநரம்பை அடிப்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். படகின் அடிவிளிம்புபோல் கூர்மையாகப் புடைத்திருந்தால் ஆஸ்ட்ரலேசிகம்; வழவழவென்று உருண்டிருந்தால் நிடஸ் பக்கம். சோரஸ் கோடுகள் நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி எவ்வளவு தூரம் போகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிடஸில் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் நின்றுவிடும். இளஞ்செடியில் இரண்டுமே தெளிவாக இராது. அதுவரை பெயர்ப்பலகையில் "அஸ்ப்ளீனியம், நிடஸ் குழு" என்று எழுதி வையுங்கள். செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதையும் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு நிடஸை யாராவது உடைத்தால், உங்கள் செடி எந்தத் துண்டில் போய் விழும் என்று சொல்ல அந்த ஒரு வரி தேவைப்படும்.